பூட்ட வேண்டியதும் திறக்க வேண்டியதும்

திண்டுக்கல்லுக்குப் பூட்டினால் பெயர். எங்கள் ஊர்த் தொழிலாளிகள் செய்த பூட்டு எந்த ஊர்த் திருடனுக்கும் எளிதில் வாய் திறக்காது என்பது பழைய பெருமை. 2019-ஆம் வருஷத்தில் சர்க்காரும் அந்தப் பெருமைக்குப் புவிசார் குறியீடு என்னும் முத்திரையை வைத்துக் கொடுத்தார்கள். பூட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரில் வசிக்கிறவர்களுக்கு, எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்ற விவேகம் மற்றவர்களைக் காட்டிலும் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். நகையைப் பூட்ட வேண்டியதுதான். நிலப் பத்திரத்தைப் பூட்ட வேண்டியதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டுக்கு வீடு பீரோவுக்குள் போய்ச் சேரும் ஒரு காகிதம் உண்டு. அதுதான் இரத்தப் பரிசோதனைச் சீட்டு. அதைப் பற்றியே இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

காரியம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். நாலு நாள் மழை பெய்து ஓய்கிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், குழாயில் தண்ணீர் என்றைக்கு வருமோ என்ற கவலை நம் ஊர்ச் சமையலறையை விட்டு நீங்குவதில்லை. ஆகவே குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம் எல்லாவற்றிலும் பிடித்து நிரப்பி வைக்கிறோம். மூடி சரியாகப் பொருந்தாத டிரம்மில் கொசு முட்டையிடுகிறது. எட்டுப் பத்து நாளில் அது கொசுவாகிப் பறக்கிறது. வீட்டில் ஒரு குழந்தைக்கு ஜுரம் வருகிறது. "எதற்கும் இரத்தத்தைப் பார்த்துவிடலாம்" என்கிறார் டாக்டர். பக்கத்திலேயே லேப் இருக்கிறது. சாயங்காலம் சீட்டு வருகிறது: டெங்கு. வீடு கலங்குகிறது. பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லுகிறார்கள். டாக்டர் தண்ணீரும் கஞ்சியும் நிறையக் கொடுக்கச் சொல்லுகிறார். தெய்வாதீனமாகக் குழந்தை பிழைத்து எழுந்து, பத்தாம் நாள் பள்ளிக்கூடம் போகிறது. சீட்டு பீரோவுக்குள் போகிறது.

அந்தச் சீட்டை எத்தனை பேர் படித்தார்கள்? லேபில் எழுதியவர் படித்தார், டாக்டர் படித்தார், பெற்றோர் பத்துத் தடவை படித்தார்கள். படிக்க வேண்டிய இன்னொருவர் உண்டு. அந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பி, டிரம்களைச் சோதிக்கவும் மருந்து இடவும் அதிகாரம் படைத்த சுகாதார அதிகாரிதான் அவர். அவர் படித்தாரா? படித்தாரென்றால் என்றைக்குப் படித்தார்? இந்த 'என்றைக்கு' என்ற ஒரு சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏனென்றால், டெங்குவுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஜுரம் கண்டவரின் இரத்தத்திலிருந்து கொசு கிருமியை எடுத்துக் கொள்வது பெரும்பாலும் ஜுரத்தின் முதல் ஐந்து நாட்களில்தான். எடுத்துக் கொண்ட கொசு மறுநாளே இன்னொருவருக்கு நோயைக் கொடுத்துவிடுவதில்லை. கிருமி அதன் உடலுக்குள் பெருகி, எச்சிலில் வந்து சேருவதற்கு 8 நாள் முதல் 12 நாள் வரை ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் கொசு யாரைக் கடிக்கிறதோ அவருக்கு 4 நாள் முதல் 10 நாளுக்குள் ஜுரம் வரும். பகலில் கடிக்கும் இந்தக் கொசு, தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு கஜத்துக்கு மேல் சாதாரணமாகப் போவதும் இல்லை. ஆகவே சீட்டு எழுதப்பட்ட அன்றைக்கே தெருவின் பெயர் சுகாதார அதிகாரிக்குத் தெரிந்தால், அவர் கையில் ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு தெருவைச் சுத்தம் செய்தால் போதும். இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தால், அவர் மருந்துப் புகையோடு வந்து சேரும்போது அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் ஆரம்பித்திருக்கும். முதல் குழந்தையின் சீட்டு இரண்டாவது குழந்தையைக் காப்பாற்றியிருக்கக் கூடும். பீரோவுக்குள் இருந்தபடியால் காப்பாற்றவில்லை.

நான் பள்ளிக்கூட உபாத்தியாயன். தினந்தோறும் காலையில் ஆஜர்ப் பட்டியலைத் திறப்பது என் தொழில். அந்தப் பட்டியலுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு தாயாருக்குத் தன் பிள்ளையின் ஜுரம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு பிள்ளைகளின் ஜுரம் தெரியும். ஒரே தெருவிலிருந்து வரும் ஐந்து பிள்ளைகள் ஒரே வாரத்தில் வரவில்லை என்பது பட்டியலைத் திறப்பவனுக்குத்தான் தெரியும். தனித் தனியே பார்த்தால் ஐந்து ஜுரம். சேர்த்துப் பார்த்தால் ஒரு கொள்ளை நோயின் தொடக்கம். சேர்த்துப் பார்க்கும் இடம் எதுவோ, அங்கேதான் ஊரின் உடம்பு தெரியும். பள்ளிக்கூடப் பட்டியலைக் காட்டிலும் நூறு மடங்கு திருத்தமான பட்டியல் இன்று பரிசோதனைச்சாலைகளில் இருக்கிறது. பத்து டாக்டர்கள் தலைக்கு ஒரு நோயாளியைத்தான் பார்த்திருப்பார்கள். பத்துப் பேரின் இரத்தமும் ஒரே லேபுக்குத்தான் வந்திருக்கும்.

அறிந்தவர் அறிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டுக்குப் புதிய யோசனையும் அல்ல. 1939-ஆம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது சட்டம் அது. தமிழ்நாட்டில் இன்றும் அமலில் இருக்கிறது. குறிப்பிட்ட தொற்று நோய் ஒன்று இருப்பது தெரிந்தால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை யார் யாருக்கு உண்டு என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. வைத்தியருக்கு உண்டு; தொழிற்சாலை மானேஜருக்கு உண்டு; விடுதி நடத்துகிறவருக்கு உண்டு; குடும்பத் தலைவருக்கும் உண்டு! வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கும், பழனி பாதையிலுள்ள யாத்திரிகர் விடுதிக்கும், இதைப் படிக்கும் உங்கள் வீட்டுக்கும் சட்டம் ஒன்றுதான். தெருவுக்குத் தெரு பரிசோதனைச்சாலை இல்லாத காலத்துச் சட்டம் அது. நோயை முதலில் அறிகிறவர் வைத்தியரும் வீட்டாருமே என்று அன்று எண்ணியது இயல்பு. இன்றோ நோயை முதலில் அறிவது ஓர் இயந்திரம். இரண்டாவதாக அறிவது அதன் அருகில் உட்கார்ந்திருப்பவர்.

சேர்த்துப் பார்ப்பதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு லண்டன் கதையைச் சொல்லலாம். 1854-ஆம் வருஷம் அந்நகரின் ஸோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் மரணங்களைப் பதியும் காரியாலயத்தை நாடினார். அந்த வாரத்துக் கணக்கைக் கேட்டு வாங்கினார். அதன் கடைசி மூன்று நாளில் மட்டும் 83 காலரா மரணங்கள் பதிவாகியிருந்தன. ஒவ்வொரு மரணத்தின் முகவரியையும் பார்த்தார். அநேகமாக எல்லாம் பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே இருந்தன. ஊர்க் கமிட்டியிடம் சொல்லி, செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். காலராக் கிருமியைப் பற்றி அன்று வைத்திய உலகம் அறிந்திருக்கவில்லை. ஸ்நோவுக்குக் கிடைத்தது முகவரி, அவ்வளவுதான். அவர் கையில் இருந்தது செத்தவர்களின் கணக்கு. இன்று நம் கையில் இருப்பது உயிரோடு இருக்கிறவர்களின் கணக்கு. அவரைவிட நாம் எவ்வளவு பாக்கியசாலிகள்!

லண்டன் வரையில் போவானேன்? நம் வேலூரிலேயே இதைச் செய்து காட்டினார்கள். 1980-களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிருமியியல் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவருடைய சகாக்களும் அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு முறையை ஏற்படுத்தினார்கள். கணிப்பொறியும் கைபேசியும் இல்லாத காலம். அவர்கள் கையாண்டது தபால் கார்டு! அச்சிட்ட கார்டுகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் கொடுத்து வைத்தார்கள். இளம்பிள்ளை வாதம், தட்டம்மை, மூளைக் காய்ச்சல் போன்ற நோய்களில் ஒன்றைக் கண்டால், டாக்டர் கார்டைப் பூர்த்தி செய்து தபாலில் போட வேண்டியதுதான். வந்த கார்டுகளைச் சேர்த்துப் பார்த்து, எந்த ஊரில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்று ஜில்லா சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். 'வட ஆற்காடு ஜில்லா சுகாதாரத் தகவல்' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அந்த முறைக்கு 'நதி' என்று பெயரிட்டார்கள். பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

நதி வற்றாமல் ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நாம் நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். கார்டு எழுதியவர்களுக்குப் பதில் வந்தது. மாதந்தோறும் ஒரு சிறு பத்திரிகை அச்சிட்டு, ஜில்லாவில் அந்த மாதம் என்ன நோய் எங்கே காணப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்ற விவரத்தை எல்லா டாக்டர்களுக்கும் அனுப்பினார்கள். தாம் போட்ட கார்டு குப்பைக் கூடைக்குப் போகவில்லை என்பதை ஒவ்வொரு டாக்டரும் கண்ணால் கண்டார். அடுத்த ஊரில் என்ன ஜுரம் நடமாடுகிறது என்பதை அறிந்து, தம்மிடம் வந்த நோயாளியைத் திருத்தமாகப் பார்க்க முடிந்தது. அடுத்த கார்டை அவர் தாமாகவே எழுதினார். கேட்கும்போது மட்டும் கை நீட்டி, கொடுக்கும்போது மௌனம் சாதிக்கிற காரியாலயத்துக்கு யார்தான் எவ்வளவு நாள் கடிதம் எழுதிக் கொண்டிருப்பார்கள்? பின்னர் கேரளத்தில் கோட்டயம் ஜில்லாவிலும் இம்முறையைக் கைக்கொண்டார்கள். 1998-இல் லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஜேக்கப் ஜான் குழுவினர் இதைப் பற்றி எழுதியபோது, வளரும் நாடுகளுக்கு இது ஒரு மாதிரி என்று தலைப்பிலேயே குறித்தார்கள்.

தேச முழுமைக்கும் ஒரு காரியத்தை இவ்விதம் நடத்த முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இளம்பிள்ளை வாதத்தை ஒழித்த கதையை நினைவு கூரலாம். 1997 முதல், 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்காவது கைகால் திடீரென்று துவண்டால், உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 14 நாளுக்குள் இரண்டு தடவை மலம் சேகரித்து, குளிர்ந்த பெட்டியில் வைத்துப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட் அந்தப் பரிசோதனைச்சாலைகளில் ஒன்று. முடிவு வந்ததும் அந்தக் கிராமத்துக்குச் சொட்டு மருந்து போயிற்று. 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஹௌராவில் கண்ட ஒரு குழந்தையே இயற்கையாகப் பரவும் கிருமியால் அந்நோய் கண்ட கடைசிக் குழந்தை. 2014 மார்ச் மாதத்தில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது. சொட்டு மருந்தை எல்லோரும் புகழ்கிறோம், புகழ வேண்டியதே. அந்த மருந்து எங்கே போக வேண்டும் என்று வழி காட்டியது பரிசோதனைச்சாலையும் சுகாதார இலாகாவும் ஒரே கணக்கைப் பார்த்ததுதான்.

மற்ற நோய்களுக்கும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2004-இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. அதில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். கிராமத்துச் சுகாதார ஊழியர் கண்ட அறிகுறி ஒன்றில். டாக்டர் ஊகித்த நோய் ஒன்றில். லேபில் உறுதியான நோய் ஒன்றில். வாரம் ஒரு முறை ஜில்லாவுக்குப் போகும். 2021 ஏப்ரலில் இதற்கென்று புதிய மின்னணுத் தளம் ஏற்படுத்தி, வாரக் கணக்கை அன்றன்றைக் கணக்காக மாற்ற முயன்றிருக்கிறார்கள். 33 நோய்கள் அதில் இடம் பெற்றன. வாய்க்கால் வெட்டியாகிவிட்டது. தண்ணீர் எங்கெங்கே கசிகிறது என்பதுதான் கேள்வி.

முதல் கசிவு, தனியார் பரிசோதனைச்சாலை. ஜுரம் கண்டவர்களில் எத்தனையோ பேர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அவர்களுடைய சீட்டுகள் தனியார் வசமே நின்றுவிட்டால், சர்க்காரின் கணக்கு பாதி ஊரின் கணக்காகத்தான் இருக்கும். கூட்டம் மிகுந்த நாளில், சம்பளத்துக்கு இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவரை எழுதுவதற்கென்று உட்கார வைக்க முதலாளிக்கு மனம் வராது. அதைக் குற்றம் என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. சீட்டு அடிக்கும்போதே கணக்கும் தானாகப் போய்ச் சேரும்படி செய்தால், எழுதும் வேலையே இல்லை.

இரண்டாவது கசிவு, முகவரி. நத்தத்திலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் சிறுமலை அடிவாரத்திலிருந்தும் ஜனங்கள் பரிசோதனைக்குத் திண்டுக்கல் வருகிறார்கள். லேபில் பெயர், வயது, போன் நம்பர் கேட்கிறார்கள். ஊர் என்ற இடத்தில் 'திண்டுக்கல்' என்று ஒரே வார்த்தை விழுகிறது. 2011 ஜனக்கணக்கின்படி 21 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உள்ள ஜில்லாவில், 'திண்டுக்கல்' என்பது ஒரு முகவரியா? இங்கே இரத்தம் எடுத்து, மதுரையிலோ சென்னையிலோ பரிசோதித்து, முடிவைக் கைபேசியில் அனுப்பும் நிறுவனங்களும் பெருகியிருக்கின்றன. அப்போது நோய் நாகல் நகரில் இருக்கும். செய்தி சென்னையில் இருக்கும்.

மூன்றாவது கசிவு சற்று நுட்பமானது. அவசரத்துக்கு ஓர் அட்டையில் இரண்டு சொட்டு இரத்தம் விட்டுப் பார்க்கும் டெங்குப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. சர்க்காரின் திட்டம் அதை முடிவாக ஏற்பதில்லை. 'எலைஸா' முறையில் செய்த பரிசோதனையே உறுதிக் கணக்கில் சேரும். அட்டைப் பரிசோதனை சில சமயம் தவறக்கூடியதாகையால் அந்த விதி நியாயமானதே. ஆனால் பெற்றோர் சீட்டில் 'டெங்கு' என்று படித்துவிட்டு, மறுநாள் பத்திரிகையில் ஜில்லாக் கணக்கைப் பார்த்தால், தங்கள் குழந்தை அதில் இல்லை. "மறைக்கிறார்கள்" என்று ஊர் பேசுகிறது. மறைக்கிறார்களோ இல்லையோ, நம்பிக்கை போய்விடுகிறது. இதற்குப் பரிகாரம் அட்டையைத் தள்ளுவதல்ல. 'சந்தேகம்' என்று ஒரு பத்தி, 'உறுதி' என்று ஒரு பத்தி. இரண்டையும் வெளியிட்டால் யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. டிரம்மைக் கவிழ்ப்பதற்குச் சந்தேகமே போதும். எலைஸா முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே நகரத்தில் இரண்டு கணக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனாக் காலத்தில் பார்த்தோம். 2020 ஜூலை 22-ஆம் தேதி, சென்னையில் அதற்கு முந்தைய மாதங்களில் கணக்கில் சேராமல் விட்டுப்போன 444 மரணங்களைத் தமிழக சர்க்கார் ஒரே நாளில் சேர்த்தார்கள். மாநகராட்சியின் மரணப் பதிவு வேறு, சுகாதார இலாகாவின் பட்டியல் வேறு. இரண்டையும் ஒரு கமிட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உண்மை வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்த்து வெளியிட்டது பாராட்டத் தக்கதே. ஆனால் 444 குடும்பங்களின் துக்கம் கணக்கில் ஏற அத்தனை நாள் ஆயிற்று அல்லவா?

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. "என் வீட்டு நோய் ஊருக்கு எதற்கு?" என்று கேட்கிறவரின் பயம் வெறும் பிடிவாதம் அல்ல, அதற்குச் சரித்திரம் இருக்கிறது.

கோவாவில் டொமினிக் டிஸோஸா என்று ஓர் இளைஞர் இருந்தார். இரத்த தானம் செய்யும் பரோபகாரி. 1989-ஆம் வருஷம் அவர் கொடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. செய்தி அதிகாரிகளுக்குப் போயிற்று; அங்கிருந்து போலீஸுக்குப் போயிற்று. அவருக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. போலீஸார் அழைத்துச் சென்று, பழைய க்ஷயரோக ஆஸ்பத்திரி ஒன்றில் தன்னந்தனியாக 64 நாள் அடைத்து வைத்தார்கள். அந்த மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் அன்று அதற்கு இடம் கொடுத்தது. வெளியே வந்த அவர் தம்மைப் போன்றவர்களின் உரிமைக்காகப் பாடுபட்டு, 1992-இல் காலமானார். பரிசோதனைச்சாலை சொன்னது உண்மை. சுகாதார இலாகாவுக்குச் சொன்னதும் சட்டப்படிதான். ஆனால் நோயைப் பிடிக்கத் தந்த தகவலைக் கொண்டு மனிதனைப் பிடித்தார்கள். அந்தத் தேசத்தில் அடுத்த மனிதன் பரிசோதனைக்கு வருவானா?

கொரோனாக் காலத்தில் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்களே, அதுவும் அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். அப்படி ஒட்டப்பட்ட வீட்டாரைத் தீண்டத்தகாதவர்களைப் போல மற்றவர்கள் நடத்துகிறார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். உரிய அதிகாரி சட்டப்படி தனி உத்தரவு இட்டாலன்றி அவ்வாறு ஒட்ட வேண்டியதில்லை என்று 2020 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். தீண்டாமையை ஒழிக்கப் பாடுபட்ட தேசத்தில், நோயின் பெயரால் அது கொல்லை வழியாக நுழைய விடலாமா? எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவரத்தை அவர்கள் சம்மதமின்றி வெளியிடலாகாது என்று 2017-இல் பார்லிமெண்டு ஒரு சட்டமே செய்தது. 2018 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது.

ஆகவே பூட்டும் வேண்டும், சாவியும் வேண்டும். எதைப் பூட்டுவது என்பதில்தான் நாம் தவறுகிறோம். பெயரைப் பூட்ட வேண்டும். தெருவைத் திறக்க வேண்டும். சிகிச்சைக்கும் தடுப்புக்கும் பொறுப்பான அதிகாரிக்குப் பெயரும் வீட்டு நம்பரும் தெரியலாம். அவரிடம் ஒரு சாவி இருக்கட்டும். அவருக்கு மேலே உள்ளவர்களுக்கு வயதும் தேதியும் வார்டும் போதும். ஊருக்கு எண்ணிக்கை போதும். போலீஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பெயர் வேண்டியதே இல்லை. இன்றைக்கு நடப்பது பெரும்பாலும் தலைகீழாக அல்லவா இருக்கிறது? பெயர் தெரு முழுவதும் தெரிந்துவிடுகிறது. எண்ணிக்கை தெரிய வேண்டியவருக்குத் தெரிவதில்லை.

கொடுப்பதற்குப் பிரதி கிடைத்தால் தகவல் ஓடும் என்பதற்கு க்ஷயரோகம் இன்னும் ஒரு சாட்சி. 2012 மே மாதத்தில் அந்நோயைத் தெரிவிப்பது கட்டாயம் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டார்கள். 2018 மார்ச்சில் பரிசோதனைச்சாலைகளையும் மருந்துக் கடைகளையும் தெளிவாகச் சேர்த்து, தவறினால் தண்டனை உண்டு என்றும் சொன்னார்கள். தண்டனையோடு நிற்கவில்லை. தெரிவிக்கும் தனியார் வைத்தியருக்கு ஊக்கத் தொகை வைத்தார்கள். பதிவான நோயாளிக்குச் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் நேரே பாங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாயிற்று. 2023-ஆம் வருஷத்தில் தேசத்தில் பதிவான க்ஷயரோகிகள் 25 லட்சத்துக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தனியார் மூலம் பதிவானவர்கள். பயமுறுத்தல் கொஞ்சம், பயன் அதிகம், காரியம் நடந்தது.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? சர்க்காரைப் பார்த்துக் கை நீட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. லேபுக்குப் போகும்போது தெரு, வார்டு, கிராமம் என்று முழு முகவரியைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் எழுதச் சொல்லுங்கள். தொற்று நோய் என்று முடிவு வந்தால், "சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கேட்க வேண்டியிராது. கொசு ஒழிக்க வரும் பெண்மணியை வாசலில் நிறுத்தி வைத்துப் பேசாமல், உள்ளே அழைத்து டிரம்மைக் காட்டுங்கள். அடுத்த வீட்டில் நோய் என்று தெரிந்தால், கதவைச் சாத்திக் கொள்ளாமல் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். மறைக்க அவசியமில்லாத ஊரில் யாரும் மறைக்க மாட்டார்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. வேலூர் நதி இரு பக்கமும் ஓடியது. திண்டுக்கல்லிலும் அவ்விதம் ஓடட்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி என்ன விலைக்குப் போயிற்று, நிலக்கோட்டையில் மல்லிகை என்ன விலை என்பதெல்லாம் அன்றன்றே ஊருக்குத் தெரிந்துவிடுகின்றன. தெரிந்தால்தான் மறுநாள் வியாபாரம் நடக்கும். அதே போல, எந்த வார்டில் எத்தனை டெங்கு, எத்தனை டைபாய்டு என்பதை வெள்ளிக்கிழமைதோறும் பஸ் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரு பலகையில் எழுதிப் போடட்டும். சந்தேகம் இத்தனை, உறுதி இத்தனை. பெயர் வேண்டாம். எங்கள் பள்ளிக்கூட வாசலில் அப்படி ஒரு பலகை வைத்தால், வாரந்தோறும் சாக்கட்டியால் எழுதும் வேலையை நானே ஏற்றுக் கொள்கிறேன். பிள்ளையை அழைத்துப் போக வரும் தாயார் தன் வார்டுக்கு எதிரே உள்ள எண்ணைப் பார்ப்பார். வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாகக் கொல்லைப்புறத்து டிரம்மைக் கவிழ்ப்பார்.